உங்களுக்குத் தெரியுமா? – மலை ரோட்டில் பாடும் பெட்டி

கார் செட் வாங்கக் கடைக்குள் நுழைந்ததும் "எத்தனை இன்ச் ஸ்கிரீன்?" என்று கேட்கிறோம், அடுத்தது "எத்தனை வாட்ஸ்?" கொழும்பில் ஓடும் காருக்கு இந்த இரண்டு கேள்வியும் போதும். ஹட்டனுக்கு மேலே தோட்டத்து ரோட்டில் ஓடப்போகிற வாகனத்துக்கு இரண்டையும் கடைசியில் கேட்டால் போதும். பெட்டிக்குள் அசைகிற பாகம் உண்டா, பின்பக்கத்தில் அதை எது பிடித்திருக்கிறது, ரியூனர் எப்படி? இவைதான் முதலில்.

*

காரில் ரேடியோ வைக்க முயன்றவர்களுக்குத் தலைவலி கொடுத்தது பள்ளமும் மேடும் மட்டுமல்ல, எஞ்சினும்தான். பிளக்கில் பாயும் ஒவ்வொரு தீப்பொறியும் ரேடியோவில் படபடவென்று கேட்கும். 1930இல் அமெரிக்காவின் கால்வின் நிறுவனம் அந்த இரைச்சலை அடக்கி, 'மோட்டோரோலா' என்ற பெயரில் கார் ரேடியோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னாளில் கைபேசியால் உலகறிந்த கம்பனி அதுதான். கொழும்பிலிருந்து வானொலி ஒலிபரப்பு அதற்கும் ஐந்து ஆண்டு முன்பே, 1925 டிசம்பர் 16இல், தொடங்கிவிட்டது.

*

காருக்குள் இசைத்தட்டு சுழன்ற காலமும் உண்டு. 1956ஆம் ஆண்டு மொடல் கார்களில் கிறைஸ்லர் நிறுவனம் 'ஹைவே ஹை-ஃபை' என்ற சிறிய ரெக்கோர்ட் பிளேயரை டாஷ்போர்ட்டுக்குக் கீழே பொருத்திக் கொடுத்தது. ஏழு இன்ச் தட்டு, நிமிடத்துக்கு 16⅔ சுற்று. குலுக்கலில் ஊசி துள்ளாமலிருக்க அதைத் தட்டின்மேல் நன்றாக அழுத்தி வைத்தார்கள். சில ஆண்டுகளிலேயே அந்த ஏற்பாடு காணாமல் போய்விட்டது. அமெரிக்க நெடுஞ்சாலையிலேயே நிலைக்காதது மஸ்கெலியா ரோட்டில் என்ன பாடுபட்டிருக்கும்!

*

பள்ளத்துக்கு அசராத பழைய கருவி கசெட்தான். பிலிப்ஸ் 1963இல் அறிமுகப்படுத்திய அந்தச் சின்னப் பெட்டிக்குள் நாடா எப்போதும் ஹெட்டோடு ஒட்டியபடியே நகரும். வாகனம் எப்படிக் குலுங்கினாலும் பாட்டு ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்குத் தாவாது. கசெட் மலையில் தோற்றது குலுக்கலால் அல்ல, ஈரத்தாலும் புழுதியாலும். ரப்பர் உருளையில் அழுக்குப் படிந்தால் நாடா அதில் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விடும். இன்னும் கசெட் செட் வைத்திருப்பவர்கள், மழையற்ற புழுதி மாதங்களில் ஹெட்டையும் உருளையையும் ஐசோபுரோப்பைல் அல்ககோல் தோய்த்த பஞ்சால் துடைத்தால் போதும்.

*

சீடியின் கதை வேறு. அதில் ஒலித்தடங்கள் 1.6 மைக்ரோமீற்றர் இடைவெளியில் சுருள் சுருளாக ஓடுகின்றன. ஒரு தலைமுடியின் அகலத்தில் ஏறத்தாழ நாற்பது தடங்கள் அடங்கிவிடும். அந்தத் தடத்தைத் தொடாமலேயே லேசர் ஒளியால் பின்தொடர வேண்டும். அதுவும் கீழே கல் ரோடு உதைத்துக்கொண்டிருக்கும்போது. பயனியர் நிறுவனம் 1984இல் உலகின் முதல் கார் சீடி பிளேயரை விற்பனைக்கு விட்டது. அதன்பின் வந்தவற்றில் சீடி இயங்கும் பகுதி முழுவதையும் சின்னச் சுருள்கம்பிகளிலும் எண்ணெய் நிரப்பிய ரப்பர் மெத்தைகளிலும் தொங்கவிட்டார்கள். பல ஆண்டு ஓடிய செட்டில் அந்த ரப்பர் இறுகிப்போயிருக்கும். லென்ஸைத் துடைத்த பிறகும் பாட்டுத் தாவுகிறதென்றால் அந்த ரப்பரைச் சந்தேகிக்கலாம்.

*

ஒரே சீடி பிளேயரில் சாதாரண சீடி தாவும், எம்.பி.3 பதிந்த சீடி தாவாது. ஏன்? தடுமாற்றத்தைச் சமாளிக்கச் சில செட்டுகள் பாட்டைச் சற்று முன்கூட்டியே படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். சாதாரண சீடி விநாடிக்கு 1,411 கிலோபிட் விழுங்குகிறது. பத்து விநாடி சேமிக்கவே ஏறத்தாழ 1.8 மெகாபைட் வேண்டும். 128 கிலோபிட் எம்.பி.3 அதில் பதினொன்றில் ஒரு பங்குதான். அதே நினைவகம் பதினொரு மடங்கு நேரம் தாக்குப்பிடிக்கிறது. ரம்பொடையின் வளைவுகளில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

*

விடியற்காலையில் நுவரெலியாவில் சீடி ஓடாது, பத்து மணிக்குத் தானாக ஓடும். பழுது என்று கராஜுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி படிகிற ஊர் அது. குளிர்ந்து கிடக்கும் லென்ஸில், ஹீட்டரும் மூச்சும் கிளப்பும் ஈரக்காற்று பனித்துளியாகப் படிகிறது. சீடியை வெளியே எடுத்துவிட்டு ஒரு மணிநேரம் பொறுத்தால் சரியாகிவிடும்.

*

ஜப்பானிலிருந்து வந்த சில கார்களின் நேவிகேஷன் செட்டுக்குள் கணினியில் இருப்பதுபோன்ற ஹார்ட் டிஸ்க் ஒன்று சுழல்கிறது. ஹார்ட் டிஸ்க்கின் ஹெட் தட்டைத் தொடாமல், மெல்லிய காற்றுப் படலத்தின்மேல் மிதக்கிறது. காற்று மெலிந்தால் அது தட்டை உரசிவிடும். ஆகவே சாதாரண ஹார்ட் டிஸ்க்குகளுக்கே ஏறத்தாழ 3,000 மீற்றர் என்று ஓர் உயர எல்லை உண்டு. நுவரெலியா 1,868 மீற்றர்தான். இலங்கையின் மிக உயர்ந்த புள்ளியான பீதுருதாலகாலையே 2,524 மீற்றர். உயரத்தால் நமக்குப் பயமில்லை. பயம் பள்ளத்தால்தான்.

*

இதெல்லாம் தெரிந்தால் யூ.எஸ்.பி. பென் டிரைவ் மலை ரோட்டுக்கு ஏன் வரப்பிரசாதம் என்பது புரியும்: உள்ளே அசைவது ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரு விஷயம். முகப்பில் செருகிய நீளமான பென் டிரைவ் ஒவ்வொரு குலுக்கலிலும் மேலும் கீழும் நெம்புகிறது. சில மாதங்களில் துளை தளர்ந்து 'டிவைஸ் இல்லை' என்று செட் சொல்லத் தொடங்கும். நகக்கண் அளவுக் குட்டி டிரைவ் வாங்குங்கள். அல்லது செட்டின் பின்புறமுள்ள யூ.எஸ்.பி. வயரை டாஷ்போர்ட் பெட்டிக்குள் இழுத்துவிடச் சொல்லுங்கள்.

*

பீதுருதாலகாலை உச்சியில் ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. 1982இல் ரூபவாஹினி தொடங்கியதும் அந்த மலையை நம்பித்தான். அவ்வளவு உயரத்திலிருந்து கிளம்பும் எஃப்.எம். அலை, கணக்குப்படி சுமார் 200 கிலோமீற்றர் வரை நேர்கோட்டில் போகும். இலங்கையின் அகலமே ஏறத்தாழ 225 கிலோமீற்றர்தான். இருந்தும், அந்த மலைக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருக்கும் தோட்டத்தில் ரேடியோ இரைகிறது. விளக்கடியில் இருட்டு என்பது இதுதான். எஃப்.எம். அலைக்கு மலையை வளைத்துக்கொண்டு வரத் தெரியாது. இடையில் ஒரு முகடு வந்தால் அதற்குப் பின்னால் நிழல். இலங்கை வானொலி அன்று பயன்படுத்திய மத்திய அலை அப்படியல்ல. முகடுகளைத் தாண்டிக் குனிந்து இறங்கும். எஃப்.எம். பரவுமுன் லயத்து வீடுகளில் 'பொங்கும் பூம்புனல்' நிகழ்ச்சி இழையறாமல் கேட்டதற்கு அலையின் அந்தக் குணமும் ஒரு காரணம்.

*

முகட்டில் மோதித் திரும்பிய அலையும் நேராக வந்த அலையும் அன்டெனாவில் ஒன்றாகச் சேரும்போதுதான், வளைவில் திரும்பும்போது 'ஷ்ஷ்… ஷ்ஷ்' என்று பாட்டு நறுக்கப்படுகிறது. இதற்குக் காசில்லாத மருந்து மூன்று உண்டு. மெனுவில் 'மோனோ' இருந்தால் அதற்கு மாற்றுங்கள். ஸ்டீரியோவைவிட இரைச்சல் வெகுவாக அடங்கும். 'லோக்கல்' என்ற பொத்தான் போட்டிருந்தால் எடுங்கள். அது பலமான நிலையங்களை மட்டுமே தேடிப் பிடிக்கும், தலவாக்கலைக்கு அப்பால் பல நிலையங்களை விட்டுவிடும். மூன்றாவது 'ஏ.எஃப்.' ஒரே நிலையம் வேறு எந்த அலைவரிசையில் நன்றாகக் கேட்கிறது என்று தேடித் தாவும் வசதி அது. நிலையம் அதற்கான தகவலை அனுப்பாவிட்டால் செட் வீணாகத் தேடிக்கொண்டே இருக்கும். நடுவில் சத்தம் அறும். அதையும் அணைத்துவிடுங்கள்.

*

ஜப்பான் காரின் சொந்த ரேடியோவில் ஏன் சூரியன், சக்தி எஃப்.எம். நிலையங்கள் கேட்பதில்லை? ஜப்பானில் எஃப்.எம். 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான். அண்மைக் காலத்தில் 95 வரை நீட்டினார்கள். 90க்கு மேலே அங்கே முன்பு தொலைக்காட்சி அலைவரிசைகள் இருந்தன. நமக்கோ 87.5 முதல் 108 வரை. இடையில் மாட்டும் 'கொன்வேர்ட்டர்' என்ற குட்டிப் பெட்டி, வருகிற அலையிலிருந்து 18 அல்லது 20ஐக் கழித்து ரேடியோவுக்குக் கொடுக்கிறது. 100இல் வரும் நிலையம் 82இல் கேட்கும். குறை என்னவென்றால், ஜப்பான் ரேடியோவின் அகலமே 14 மெகாஹேர்ட்ஸ். நம் அலைவரிசையோ 20க்கும் மேல். ஏதாவது சில நிலையங்கள் விளிம்பில் விழுந்தே தீரும். வாங்குமுன் நீங்கள் அதிகம் கேட்கும் நிலையத்தின் எண்ணைக் கடைக்காரரிடம் சொல்லிக் கேளுங்கள்.

*

புது செட் போட்ட பிறகு ரேடியோ முன்பைவிட மோசமாகிவிட்டதா? பல நேரம் குற்றவாளி செட் அல்ல, ஒரு நீல வயர். பின்கண்ணாடியிலோ கூரையிலோ உள்ள குட்டை அன்டெனாக்களுக்குப் பின்னால் பூஸ்டர் ஒன்று இருக்கும். அதற்கு 12 வோல்ட் போக வேண்டும். பழைய செட் அதைக் கொடுத்துவந்தது. புதிய செட்டின் நீல வயரை இணைக்க மறந்தால் பூஸ்டர் உறங்கிவிடும். பூஸ்டரே இல்லாத வாகனமென்றால், கூரையில் நிமிர்ந்து நிற்கும் பழைய பாணிக் கம்பி அன்டெனாவுக்கு இணை இல்லை. 100 மெகாஹேர்ட்ஸுக்கு 75 சென்ரிமீற்றர் நீளம் கச்சிதம். சுறாச் செட்டை வடிவக் குட்டை அன்டெனா பார்க்க அழகு, பள்ளத்தாக்கில் பரிதாபம்.

*

செட்டின் அளவு உலகமெங்கும் ஒன்றே என்று நினைக்கிறோம். 'சிங்கிள் டின்' 180க்கு 50 மில்லிமீற்றர், 'டபிள் டின்' 180க்கு 100. ஆனால் பல டொயோட்டா, டைஹட்சு கார்களின் வாய் 200 மில்லிமீற்றர் அகலம். 180 செட்டை அதில் போட்டால் இருபுறமும் பத்துப் பத்து மில்லிமீற்றர் இடைவெளி விழும். அதற்கென்றே பிளாஸ்டிக் சட்டம் கிடைக்கிறது. மடித்த கார்ட்போர்ட் துண்டைத் திணித்து மூடுவதும் நடக்கிறது. ஒரு மழைக்காலம் போனால் தெரியும் சேதி.

*

பெட்டிக்குள் வரும் பாகங்களிலேயே அதிகம் தூக்கிப்போடப்படுவது எது? துளைகள் கொண்ட ஒரு தகட்டுப் பட்டியும், பின்புறத்தில் மாட்டும் ஒரு போல்ட்டும், சின்ன ரப்பர் தொப்பியும். முன்பக்கச் சட்டத்தின் தகரக் காதுகளை மடித்துவிட்டாலே செட் நின்றுவிடும் என்பதால் பலர் பின்பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. நல்ல தார் ரோட்டில் அது நிற்கும். கல் ரோட்டிலோ ஒன்றரைக் கிலோ எடையுள்ள பெட்டி முன்விளிம்பில் மட்டும் தொங்கிக்கொண்டு வாலாட்டுகிறது; சட்டம் தளர்கிறது, பின்னால் உள்ள பிளக்குகள் நெகிழ்கின்றன, சீடியும் தாவுகிறது. அந்தப் பட்டியால் செட்டின் பின்புறத்தை டாஷ்போர்ட்டுக்குள் உள்ள இரும்புச் சட்டத்தோடு பிணைத்துவிட்டால் தொல்லையில் பாதி போய்விடும். தளராத நைலோன் நட்டுப் போட்டால் இன்னும் நல்லது. என்னைக் கேட்டால், இது ஒன்றைச் செய்கிறாரா இல்லையா என்பதை வைத்தே வயரிங் பாஸின் கைப்பக்குவத்தை எடைபோடலாம்.

*

சீடி செட்டை அதிகச் சரிவாகப் பொருத்தக் கூடாது. பல தயாரிப்பாளர்கள் 30 பாகைக்குள் என்கிறார்கள். அப்படியானால் ஏற்றத்தில் என்ன ஆகும் என்ற கவலை வேண்டாம். பத்துக்கு ஒன்று என்ற ஏற்றம் வெறும் 5.7 பாகை. ஐந்துக்கு ஒன்று என்ற, முதல் கியரில் முனகவைக்கும் ஏற்றம்கூட 11 பாகையைச் சற்றுத்தான் தாண்டும்.

*

ஒன்பது, பத்து இன்ச் ஆண்ட்ராய்ட் ஸ்கிரீன்களில் ஒரு வகை, டாஷ்போர்ட்டுக்கு வெளியே ஒற்றைக் காலில் மிதந்து நிற்கும். அழகுதான். ஆனால் எடை முழுவதும் வெளியே. தோட்டத்து ரோட்டில் அது ஓயாமல் தலையாட்டும். டாஷ்போர்ட் சட்டத்தோடு சட்டமாகப் பதியும் வகையே நம் பக்கத்துக்குப் பொருத்தம். விலை குறைந்த ஆண்ட்ராய்ட் செட்டுகள் பலவற்றில் ரேடியோ ரியூனர் கடைசியில் நினைவு வந்து சேர்த்ததுபோல இருக்கும். கடை இருக்கும் டவுனில் எல்லாம் கேட்கும், கேட்டுவிட்டு ஏமாறாதீர்கள்.

*

ஜப்பான் டொயோட்டாக்களில் பற்றரியைக் கழற்றுமுன் ஒரு கணம் யோசியுங்கள். சில தொழிற்சாலைச் செட்டுகள் மின்சாரம் அறுந்ததும் திருட்டுப் போய்விட்டதாக நினைத்துப் பூட்டிக்கொள்ளும். பிறகு 'ஈ.ஆர்.சி.' என்ற கடவு எண் கேட்கும். வேறு சில, மெமரி கார்டில் உள்ள வரைபடத்தைக் கேட்டு அடம்பிடிக்கும். கார்டு எப்போதோ, யார் கையிலோ போயிருக்கும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களைத்தான் பற்றரி மாற்றி மாற்றி ஓட்டினோம். பூட்டிய ஸ்கிரீன்கள் அப்போது நிறையப் பேருக்கு அறிமுகமாயின.

*

செட்டோடு வரும் வயர்களின் நிறம் பெரும்பாலான கம்பனிகளுக்கு ஒன்றுதான். மஞ்சள் எப்போதும் மின்சாரம், சிவப்பு சாவி திருப்பினால் மட்டும், கறுப்பு எர்த். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது அந்தந்த ஸ்பீக்கரின் எதிர்முனை. ஒவ்வொரு முறை வண்டியை அணைக்கும்போதும் நிலையங்களும் நேரமும் அழிந்துபோனால் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கின்றன என்று அர்த்தம். இரண்டையும் சேர்த்து முறுக்கி எப்போதும் மின்சாரமுள்ள வயரில் கொடுத்திருந்தால், ஸ்விட்சை அணைக்க மறந்த ஒரே இரவில் பற்றரி இறங்கும். குளிரில் பற்றரியின் பலம் ஏற்கெனவே குறைவு. கந்தப்பளையில் காலை ஆறு மணிக்கு வண்டி தள்ள ஆள் தேடுவது சுலபமல்ல.

*

ஈயம் வைத்துப் பற்றவைத்த இணைப்புத்தான் உறுதி என்பது பொது நம்பிக்கை. அசையாத இடத்தில் சரி. ஓயாமல் அதிரும் இடத்தில், ஈயம் உறிஞ்சிய வயர் குச்சிபோல விறைத்து, அந்த விறைப்பு முடியும் இடத்தில் ஒடிகிறது. சரியான கருவியால் நசுக்கிய கிரிம்ப் இணைப்பு அதிர்வைத் தாங்கும். ஈயம்தான் வைத்தாக வேண்டுமென்றால், இணைப்புக்கு இருபுறமும் வயரை எதனோடாவது கட்டி ஆடாமல் செய்ய வேண்டும். வெறுமனே முறுக்கி டேப் சுற்றியதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பசை இளகி, டேப் தானாகவே கழன்று தொங்கும். காரின் சொந்தப் பிளக்கை வெட்டவும் விடாதீர்கள். டொயோட்டாவின் பத்து ஊசி, ஆறு ஊசிப் பிளக்குகளுக்கு நேராக மாட்டும் சொக்கட் கடைகளில் கிடைக்கிறது.

*

"ஐம்பது தர நாலு, இருநூறு வாட்ஸ் அண்ணே!" என்று கடைத் தம்பி சொன்னால், செட்டின் பின்னால் உள்ள பியூஸைப் பாருங்கள். பெரும்பாலும் 10 அம்பியர். 14.4 வோல்ட்டைப் பத்தால் பெருக்கினால் 144 வாட்ஸ். உள்ளே போவதே 144 என்றால் தொடர்ந்து 200 வெளியே வருவது எப்படி? சாதாரண செட் 4 ஓம் ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் தெளிவாகக் கொடுக்கக்கூடியது 20 வாட்ஸ் அளவுதான். கடைத் தம்பியும் பொய் சொல்லவில்லை. பெட்டியில் அச்சிட்டிருப்பதைத்தான் படிக்கிறார். 'ஆர்.எம்.எஸ்.' என்று போட்டிருக்கும் எண்ணைத் தேடுங்கள். நான்கு கதவையும் மூடிய காருக்கு அதுவே தாராளம்.

*

கொழுந்து லொறியில் பாட்டு வேண்டும் என்றால் கணக்கு மாறும். பெரும்பாலான லொறிகளில் இரண்டு 12 வோல்ட் பற்றரிகள் வரிசையாகச் சேர்ந்து 24 வோல்ட். கார் செட்டை நேரே கொடுத்தால் புகைந்துவிடும். அதனால் ஒரு பற்றரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பது வழக்கமான குறுக்குவழி. பாட்டுப் பாடும். ஆனால் அந்தப் பற்றரி தினமும் சற்று அதிகமாக இறங்கும், மற்றது தேவைக்கு மேல் ஏறும், இரண்டும் காலத்துக்கு முன்பே சாகும். 24ஐ 12ஆகக் குறைக்கும் ரெடியூசரின் விலை, ஒரு லொறி பற்றரியின் விலையில் சின்னப் பங்கு.

*

நுவரெலியா பக்கம் இன்னும் ஓடுகிற பழைய லேண்ட் ரோவர், மொரிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1960களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரித்தானிய வாகனங்களில் பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் பொடியோடு எர்த் ஆகியிருக்கும். இன்றைய செட் எல்லாமே இதற்கு நேரெதிர். அதன் இரும்புக் கூடே நெகட்டிவ். வயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு, கூட்டை டாஷ்போர்ட்டில் பூட்டினால் ஷோர்ட் ஆகிவிடும். முன்பு யாராவது நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியிருக்கவும் கூடும். ஆகவே வண்டியின் வயதைப் பார்த்து முடிவு செய்யாமல், பற்றரியின் எந்த முனை பொடிக்குப் போகிறது என்று கண்ணால் பாருங்கள்.

*

கதவுக்குள் மழை பெய்கிறது. கண்ணாடியில் வழியும் நீரில் ஒரு பங்கு ரப்பரைத் தாண்டிக் கதவின் உள்ளே இறங்கி, அடியிலுள்ள துளைகளால் வெளியேறும்படிதான் எல்லாக் கார்களும் செய்யப்படுகின்றன. மத்திய மலைநாட்டின் தென்மேற்குச் சரிவில், கினிகத்தேனை வட்டாரத்தில், ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டுகிற இடங்கள் உண்டு. காகிதக் கூம்பு ஸ்பீக்கர் அங்கே ஊறிப்போகும். பொலிபுரோபிலீன் கூம்பும் ரப்பர் விளிம்பும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். கதவுப் பலகையைக் கழற்றும்போது உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்தெறிந்தால், அடுத்த மழைக்குத் தரை விரிப்பு நனைந்திருக்கும்.

*

சிவனொளிபாதமலை சீசனில், டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை, பாட்டு வான்கள் ஹட்டனைத் தாண்டி நல்லதண்ணிக்கு இரவில் ஏறுகின்றன. 40 கிலோமீற்றர் வேகத்தில் இரண்டு விநாடி ஸ்கிரீனைப் பார்த்தால் வண்டி 22 மீற்றர் ஓடிவிடும். மூடுபனி இறங்கிய இரவில் முன்னால் தெரிவதே அவ்வளவு தூரம் இருக்காது. வீடியோ ஓடாமல் தடுக்க, ஹேண்ட்பிரேக்கோடு இணைக்கவென்று ஒரு வயர் செட்டில் வருகிறது. அதை நேரே எர்த் பண்ணிவிட்டு ஓடும் வண்டியில் படம் போடுவது சாமர்த்தியமல்ல. பாட்டை மாற்றும் வேலை பக்கத்து சீட்காரருடையது.

*

பணத்தைக் கொடுக்குமுன் ஒரு காரியம். செட்டை அணைத்துவிட்டு, கண்ணாடிகளை ஏற்றி, பக்கத்திலுள்ள மோசமான ரோட்டில் ஒரு சுற்று ஓட்டுங்கள். இப்போது கேட்கும் கடகடப்பு வண்டியின் சொந்தச் சொத்து, அல்லது டாஷ்போர்ட்டுக்குள் கட்டாமல் விட்ட வயர்க் கொத்து. பிறகு வண்டியை நிறுத்தி, தாளம் கனமான பாட்டொன்றைப் போடுங்கள். இப்போது அதிர்வது கதவுப் பலகையும் நம்பர் பிளேட்டும். முன்னதற்குத் துணி டேப்பும் கட்டும் நாடாவும், பின்னதற்குக் கதவுத் தகட்டில் ஒட்டும் கனத்த பிசின் விரிப்பும் வேண்டும். டாஷ்போர்ட் திறந்திருக்கும்போதே சொல்லிவிட்டால் பாஸுக்கு ஐந்து நிமிட வேலை. மூடிய பிறகு சொன்னால் இன்னொரு நாள் கூலி.